பலிபீடத்தண்டைக்குச் சென்றவர்: குருவானவர் நோயேல் பினோவும் பிரெஞ்சுப் புரட்சியும்

சபைச் சரித்திரத்தைக் கற்பிக்கும் நாம் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பெரும்பாலும் மிகக் குறைந்த நேரமே ஒதுக்குகிறோம். சீர்திருத்தக் காலத்திலிருந்து பக்தி இயக்கத்துக்கும், அங்கிருந்து மிஷனெரி இயக்கத்துக்கும் நேரே கடந்து சென்றுவிடுகிறோம். அதைக் குறிப்பிடுமிடத்திலும், பிரான்சு நாட்டுப் புராட்டஸ்டாந்தாருக்கு விடுதலை அளித்த நிகழ்ச்சியாகவே அதைக் குறிப்பிடுகிறோம். அது பொய்யன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சட்டத்தின் கண்ணில் இல்லாதவராயிருந்த அம்மக்களுக்கு, 1787ஆம் ஆண்டு அரச ஆணை பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் பதிவுசெய்யும் உரிமையை மட்டுமே தந்தது. 1789 டிசம்பர் 24இல் தேசிய சட்டமன்றம் எல்லா அரசுப் பதவிகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது. அடுத்த மார்ச் மாதத்தில் ரபோ சேந்த்-எத்தியேன் என்னும் புராட்டஸ்டாந்து போதகரே அச்சட்டமன்றத்தின் தலைவராகத் தெரிந்துகொள்ளப்பட்டார்.

ஆயினும் அதே புரட்சி, நான்கு ஆண்டுகளுக்குள், மனச்சாட்சியின் பொருட்டு மனிதரைக் கொலைக்களத்துக்கு அனுப்பியது. அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் நோயேல் பினோ என்னும் ரோமன் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர். அவர் நமது திருச்சபையைச் சார்ந்தவரல்லர். அவர் எதற்காக மரித்தாரோ அதிலுள்ள சில கொள்கைகளை நாம் ஏற்பவருமல்லோம். அப்படியானால் அவருடைய மரணம் நமக்குக் கற்பிப்பது யாது? இக்கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

1. சட்டமும் சத்தியமும்

1789 நவம்பர் 2இல் திருச்சபையின் சொத்துக்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1790 பிப்ரவரியில் துறவியரின் வாக்குறுதிகளைச் சட்டம் ஏற்க மறுத்தது. இவற்றைத் தொடர்ந்து 1790 ஜூலை 12இல் நிறைவேறிய 'குருக்களின் குடிமுறைச் சட்டம்' திருச்சபையின் அமைப்பையே மாற்றியது. நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட மறைமாவட்டங்கள் எண்பத்து மூன்றாகக் குறைக்கப்பட்டன. ஆயர்களையும் பங்குக் குருக்களையும் குடிமக்களின் வாக்காளரே தெரிந்துகொள்ள வேண்டும் என்றாயிற்று. வாக்காளர் என்ற முறையில் கத்தோலிக்கரல்லாதவரும் அத்தேர்தலில் பங்கெடுக்க இடமிருந்தது. தெரிந்துகொள்ளப்பட்ட ஆயர் போப்பாண்டவரிடம் உறுதிப்பாடு கேட்கலாகாது. ஐக்கியத்தின் அடையாளமாகக் கடிதம் எழுதலாம், அவ்வளவே.

இச்சட்டத்தை வாசிக்கும் புராட்டஸ்டாந்தர் ஒருவர் அதில் நன்மையானவை சிலவற்றைக் காணாதிரார். மிகுந்த வருமானத்தோடு அரசவையில் வாழ்ந்த ஆயர்கள் தங்கள் மந்தையின் நடுவில் குடியிருக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. வறுமையில் உழன்ற கிராமக் குருக்களுக்கு நல்ல ஊதியம் அளித்தது. சபையார் தங்கள் மேய்ப்பரைத் தெரிந்துகொள்வது ஆதித் திருச்சபையின் வழக்கம் என்று அதன் ஆதரவாளர் வாதிட்டனர். ஆனால் ஓர் அடிப்படையான கேள்வியைச் சட்டமன்றம் கேட்கவில்லை. திருச்சபையின் ஒழுங்கைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு உரியது? ஆயர்கள் திருச்சபைச் சங்கம் ஒன்றைக் கூட்டி ஆலோசிக்க அனுமதி கேட்டனர், அது மறுக்கப்பட்டது. நாட்டின் நிர்வாகத்தை அமைப்பதுபோலவே ஆவிக்குரிய ஊழியத்தையும் சட்டமன்றம் அமைக்கலாம் என்று கருதப்பட்டது.

1790 நவம்பர் 27இல், ஊழியத்திலுள்ள குருக்கள் அனைவரும் நாட்டுக்கும் சட்டத்துக்கும் அரசனுக்கும் உண்மையாயிருப்பதாகவும், சட்டமன்றம் வகுத்த அரசியலமைப்பைக் காப்பதாகவும் சத்தியம் செய்யவேண்டும் என்ற ஆணை பிறந்தது. மறுப்பவர் பதவியிழப்பர். ஆயர்களுள் ஏழு பேரே சத்தியம் செய்தனர். பங்குக் குருக்களிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் இணங்கினர். மற்றப் பாதிப்பேர் மறுத்தனர். 1791ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் போப் ஆறாம் பயஸ் இச்சட்டத்தைக் கண்டித்தார். ஒரே கிராமத்தில் இரு குருக்கள், இரு பலிபீடங்கள், இரு பகைக்கூட்டங்கள் என்ற நிலை நாடெங்கும் உண்டாயிற்று.

2. நெசவாளியின் மகன்

நோயேல் பினோ 1747 டிசம்பர் 19இல் மேற்குப் பிரான்சிலுள்ள ஆன்ஜே நகரில் பிறந்தார். அவருடைய தகப்பன் நெசவாளி, குடும்பம் பெரியது. 1770 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றுச் சில கிராமங்களில் உதவிக்குருவாகப் பணிபுரிந்தார். 1781இல், தீராத நோயுற்றோருக்கென ஆன்ஜே நகரில் இருந்த மருத்துவ இல்லத்தின் ஆன்ம குருவாக நியமிக்கப்பட்டார். குணமாகி வீடு திரும்பும் நம்பிக்கையற்ற நோயாளிகளின் நடுவில் ஏழு ஆண்டுகள் கழித்தார். 1788இல் லூரூ-பெக்கொனே என்னும் பரந்த கிராமப் பங்கின் பொறுப்பு அவருக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

அவர் நூல் எழுதிய அறிஞருமல்லர், அரசியலில் பேர்பெற்றவருமல்லர். புரட்சி வராதிருந்தால் அவருடைய பெயர் ஞானஸ்நானப் பதிவேடுகளில் மாத்திரமே எஞ்சியிருக்கும். சரித்திரம் தேடிச் சென்று கண்டெடுக்கும் பெரும்பாலான இரத்தசாட்சிகள் இத்தகைய எளிய ஊழியர்களே.

1791 ஜனவரி 23இல் ஊர் மன்றத்தார் அவரிடம் சத்தியத்தைக் கேட்டனர். அவர் மறுத்தார். பிப்ரவரி 27இல், ஞாயிறு வழிபாட்டில், பிரசங்க பீடத்தில் நின்று தாம் மறுத்ததன் காரணத்தைச் சபையாருக்கு வெளிப்படையாக விளக்கினார். அந்தச் சில நிமிடங்கள் அவருடைய எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானித்துவிட்டன. மௌனமாக மறுத்தவர்களைச் சில காலம் விட்டுவைத்தவர்களும் உண்டு; மக்கள்முன் பேசியவரை விட்டுவைக்க இயலாது. மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் கைதுசெய்யப்பட்டு ஆன்ஜேக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகள் தமது பங்கிலிருந்து எட்டுக் காதத் தொலைவுக்குள் வரலாகாது என்று தீர்ப்பாயிற்று.

3. மறைவிலிருந்த மேய்ப்பர்

இக்காலத்தில் சட்டங்கள் ஒன்றையொன்று விஞ்சிக் கடுமையாயின. 1792 ஆகஸ்டு 26இல், சத்தியம் செய்யாத குருக்கள் இரண்டு வாரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் பாரிசு நகரச் சிறைகளில் மூன்று ஆயர்களும் ஏறத்தாழ இருநூறு குருக்களும் கும்பலால் கொல்லப்பட்டனர். 1793 மார்ச்சு மாதத்திலிருந்து, வெளியேறாமல் ஒளிந்திருந்து பிடிபடுகிற குருவுக்கு மரணதண்டனை என்றாயிற்று. அடைக்கலம் தந்தவரும் தண்டனைக்குத் தப்பமுடியாது.

அதே மார்ச்சு மாதத்தில் மேற்குப் பகுதியில் வாந்தே கிளர்ச்சி மூண்டது. மூன்று லட்சம் பேரைப் படையில் சேர்க்கும் ஆணையே அதற்கு உடனடிக் காரணம். தங்கள் குருக்களை இழந்த உழவரின் மனக்கசப்போ நெடுநாளாய்ப் புகைந்துகொண்டிருந்தது. ஜூன் மாதத்தில் கிளர்ச்சிப்படை ஆன்ஜே நகரைச் சிறிது காலம் பிடித்திருந்தபோது, பினோ தமது பங்குக்குத் திரும்பிவந்தார். படை பின்வாங்கியது, அவர் பின்வாங்கவில்லை.

அதன்பின் ஏழெட்டு மாதங்கள் அவர் வாழ்ந்த வாழ்க்கையை ஊழியர் ஒவ்வொருவரும் சிந்திக்கவேண்டும். பகலில் தொழுவங்களிலும் பண்ணை வீடுகளிலும் ஒளிந்திருந்தார். இரவில் வெளிப்பட்டு நோயாளிகளைச் சந்தித்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மரிப்பவரின் அருகில் இருந்தார். நள்ளிரவில் களஞ்சியங்களில் திருப்பலி நிறைவேற்றினார். வெளியுலகிலோ ஞாயிற்றுக்கிழமை என்பதே புதிய நாட்காட்டியில் இல்லாமற்போயிற்று. வாரத்துக்குப் பதில் பத்து நாள் கணக்கு வந்தது. 1793 நவம்பர் 10இல் பாரிசு நகரின் நோத்ர்-தாம் பேராலயத்தில் பகுத்தறிவுத் திருவிழா கொண்டாடப்பட்டது. லூரூ-பெக்கொனேயின் மக்களுக்கோ இருளில் கதவைத் தட்டும் ஒரு மனிதரே திருச்சபையாயிருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவரை மறைத்துவைத்த உழவரும் விதவைகளும் வேலைக்காரரும் அவரைப்போலவே ஆபத்தில் இருந்தனர். இரத்தசாட்சியின் பெயரை நினைவுகூரும் நாம், அவருக்கு அப்பம் கொடுத்தவரின் பெயரை எளிதில் மறந்துவிடுகிறோம்.

4. கைதும் மரணமும்

1794 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, பங்கின் எல்லைக்குள் ஒரு விதவையின் பண்ணை வீட்டில் பினோ திருப்பலிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவரிடம் முன்பு உதவி பெற்ற தச்சன் ஒருவன் அவரைக் கண்டு தகவல் தந்தான் என்று சரித்திரம் கூறுகிறது. தேசியக் காவற்படையினர் வீட்டைச் சூழ்ந்துகொண்டனர். அவர் ஒரு பெட்டிக்குள் ஒளிக்கப்பட்டார், கண்டுபிடிக்கப்பட்டார். திருப்பலி உடைகளும் அவரோடு கைப்பற்றப்பட்டு ஆன்ஜேக்குக் கொண்டுபோகப்பட்டன. பன்னிரண்டு நாட்கள் சிறையில் இருந்தார்.

பிப்ரவரி 21இல் இராணுவத் தீர்ப்பாயம் அவரை விசாரித்து மரணதண்டனை விதித்தது. சத்தியம் செய்ய மறுத்ததையும், மறைவாய் ஊழியம் செய்ததையும் அவர் ஒளிக்கவில்லை. கைப்பற்றப்பட்ட உடைகள் தீர்ப்பாயத்தின் முன் கிடந்தன. அந்த உடைகளோடே சாக விருப்பமா என்று நீதிபதிகளுள் ஒருவர் ஏளனமாகக் கேட்டார். அது தமக்குப் பெரும் மனநிறைவாயிருக்கும் என்று பினோ பதிலளித்தார். அன்று பிற்பகலிலேயே திருப்பலி உடையணிந்தவராய் அவர் நகரின் நடுவிலுள்ள சதுக்கத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார். அச்சதுக்கம், இடிக்கப்பட்ட பழைய ஆலயங்களின் இடத்தில் உண்டாக்கப்பட்டது. தலைவெட்டும் பொறி அங்கே நிறுத்தப்பட்டிருந்தது.

மேடையின் படிகளில் ஏறுகையில், திருப்பலியின் தொடக்கத்தில் குருவானவர் பீடத்தின் அடியில் நின்று சொல்லும் சங்கீத வசனத்தை அவர் உச்சரித்தார். நமது வேதாகமத்தில் அது 43ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனம்; தேவனுடைய பீடத்தண்டைக்கும் மகிழ்ச்சியின் ஊற்றாகிய தேவனிடத்துக்கும் செல்வேன் என்ற கருத்துடையது. இருபத்து மூன்று ஆண்டுகள் நாள்தோறும் அவர் சொல்லிவந்த வசனம் அது. பன்னிரண்டு நாட்களுக்கு முன் அந்தப் பண்ணை வீட்டில் தொடங்கவிருந்த வழிபாட்டை அவர் ஆன்ஜேயின் சதுக்கத்தில் தொடங்கினார். ஏளனத்துக்காகப் போர்த்தப்பட்ட உடை சாட்சியின் உடையாயிற்று. சிவப்பங்கி உடுத்தப்பட்டுப் பரிகசிக்கப்பட்ட ஆண்டவரை நினையாமல் இந்நிகழ்ச்சியை வாசிக்க முடியாது.

5. இரத்தசாட்சியா, அரசியல் கைதியா?

ஒரு நியாயமான மறுப்பு இங்கே எழும். வாந்தே கிளர்ச்சி குடியரசுக்கு எதிரான போர். அதில் கிளர்ச்சிக்காரரும் இரத்தம் சிந்தினர். 1793 மார்ச்சில் மாஷ்கூல் என்னும் ஊரில் அவர்கள் குடியரசுவாதிகளைக் கொன்றனர். கொல்லப்பட்டவர்களுள் சத்தியம் செய்த குருவானவர் ஒருவரும் இருந்தார். கிளர்ச்சிப்படையின் வெற்றியைப் பயன்படுத்தித் திரும்பிவந்த பினோவை இரத்தசாட்சி என்பது எப்படி?

இம்மறுப்பைத் தள்ளிவிடலாகாது. விசுவாசமும் அரசியலும் பிரிக்கமுடியாதபடி பிணைந்த காலம் அது. ஆயினும் மூன்று காரியங்களை நிறுத்துப் பார்க்கவேண்டும். முதலாவது, அவர் ஆயுதம் ஏந்தவில்லை. இரண்டாவது, கிளர்ச்சி மூளுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, ஆயுதமற்ற ஒரு பிரசங்கத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார். 1794இல் அவர் மரித்தது 1791இல் சொன்ன அதே மறுமொழிக்காகவே. மூன்றாவது, உடைகளைப் பற்றிய அந்தக் கேள்வியே தீர்ப்பாயத்தின் நெஞ்சைக் காட்டிவிடுகிறது. வெறுங் கலகக்காரன் ஒருவனிடம் அவர்கள் அவ்வாறு கேட்டிருக்கமாட்டார்கள். அவர்கள் கண்முன் நின்றது ஒரு குருவானவர். அவர்கள் பரிகசித்தது அவருடைய குருத்துவத்தை.

ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை 1926 அக்டோபர் 31இல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. அதே ஆன்ஜே பகுதியில் மரித்த 99 பேர் 1984இல் அவ்வாறே அறிவிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையோர் பொதுநிலைப் பெண்கள். நாம் பரிசுத்தவான்களை நோக்கி மன்றாடுவதில்லை. ஆயினும் 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் இருபத்தோராம் பிரிவு, அவர்களுடைய விசுவாசத்தைப் பின்பற்றும்பொருட்டு அவர்களை நினைவுகூரலாம் என்று போதிக்கிறது. மேகம்போன்ற சாட்சிகளைப் பற்றி எபிரெயர் நிருப ஆசிரியர் கூறும்போது, அச்சாட்சிகளின் சபைப்பிரிவை அவர் கணக்கிடவில்லை.

6. நமது பக்கத்திலுள்ள கணக்கு

இவ்வரலாற்றைக் கூறும்போது மற்றொன்றை மறைப்பது நேர்மையாகாது. பினோவின் திருச்சபை, அவருடைய வாழ்நாளிலேயே, துன்புறுத்தும் அரசோடு கைகோத்து நின்றது. 1762 பிப்ரவரி 19இல், பினோ பதினான்கு வயதுச் சிறுவனாயிருந்தபோது, தூலூஸ் நகரில் பிரான்சுவா ரோஷெத் என்னும் புராட்டஸ்டாந்து போதகர் தூக்கிலிடப்பட்டார். தடைசெய்யப்பட்ட ஊழியத்தைச் செய்ததே அவருடைய குற்றம். கண்ணாடித் தொழில் செய்த மூன்று சகோதரரும் அவரை விடுவிக்க முயன்றதற்காக அன்றே தலைவெட்டப்பட்டனர். அவரும் சங்கீதம் ஒன்றைப் பாடிக்கொண்டே மரித்தார். அது 118ஆம் சங்கீதத்தில் கர்த்தர் உண்டுபண்ணின நாளைப் பற்றிய பகுதி. அடுத்த மாதத்தில் அதே நகரில் ஜான் கலா என்னும் புராட்டஸ்டாந்து வணிகர் பொய்க்குற்றச்சாட்டின்மேல் சக்கரத்தில் முறித்துக் கொல்லப்பட்டார்.

முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளியில் நின்ற இவ்விருவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரோஷெத் இரவில் ஊர் ஊராகச் சென்று மறைவில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுத்தார். பினோவும் அவ்வாறே செய்தார். அரசு அனுமதித்த மதத்தைச் சேராமையால் ரோஷெத் மரித்தார். அரசு அமைத்த திருச்சபையைச் சேராமையால் பினோ மரித்தார். இருவரும் படி ஏறுகையில் தாவீதின் சங்கீதமே இருவர் வாயிலும் இருந்தது. ஒருவருக்காக அழுது மற்றவருக்காக அழமறுக்கும் சபைச் சரித்திரம் பாதிச் சரித்திரமே.

புரட்சியின் கொடுங்காலம் நம்மவரையும் விட்டுவைக்கவில்லை. சட்டமன்றத் தலைவராயிருந்த ரபோ சேந்த்-எத்தியேன் 1793 டிசம்பர் 5இல் தலைவெட்டப்பட்டார். அவருடைய முதிய தகப்பனார், வனாந்தரச் சபைகளின் புகழ்பெற்ற போதகர் போல் ரபோ, 1794இல் நீம் நகரில் சிறையிடப்பட்டார். விடுதலைக்குப்பின் சில வாரங்களில் மரித்தார். மறுபுறம், 1793 நவம்பர் 7இல் பாரிசு ஆயர் கோபெல் மன்றத்தின் முன் தமது பதவியைத் துறந்தபோது, அவரைப் பின்தொடர்ந்து தம் ஊழியத்தைத் துறந்தவர்களுள் புராட்டஸ்டாந்து போதகர் ஒருவரும் இருந்தார். அன்று அம்மன்றத்தில் பதவி துறக்க மறுத்து எழுந்து நின்றவரோ, சத்தியம் செய்திருந்த ஆயராகிய ஆன்றி கிரெகுவார். ஆகவே சத்தியம் செய்தவரெல்லாம் கோழைகள் என்றும் எண்ணலாகாது. 1791இல் தவறாகத் தெரிந்துகொண்டார் என்று நாம் கருதுகிற ஒருவர் 1793இல் உறுதியாய் நின்றார். சோதனை ஒரே நாளில் முடிவதில்லை.

7. ஊழியருக்குரிய படிப்பினை

முதலாவது, திருச்சபையின் ஒழுங்கைப் பற்றிய கேள்வி அற்பமான நிர்வாகக் கேள்வியன்று. 1934 மே மாதத்தில் ஜெர்மனியில் அறிக்கைச் சபையார் பார்மன் நகரில் வெளியிட்ட இறையியல் அறிவிக்கை இதையே வற்புறுத்தியது. சபை தன் செய்தியை மாத்திரமல்ல, தன் அமைப்பையும், ஆளும் அரசியல் கொள்கைகளின் விருப்பத்துக்கு விட்டுவிடலாகாது என்பது அதன் மூன்றாம் கூற்றின் கருத்து. பினோ பார்மன் இறையியலை அறிந்தவரல்லர். போப்பின் தலைமையைப் பற்றிய அவருடைய எண்ணத்தை அங்கே கூடியவர் ஏற்றிருக்கவும்மாட்டார்கள். ஆயினும் சபையின் தலை யார் என்ற கேள்விக்கு அரசு விடையளிக்க இயலாது என்பதில் அவர்கள் ஒருமித்திருக்கின்றனர். நல்ல ஊதியத்தோடும் நல்ல சீர்திருத்தத்தோடும் அந்தக் கேள்வி வரும்போதே அதைக் கண்டுகொள்ளுதல் கடினம்.

இரண்டாவது, மேய்ப்பரின் தைரியம் மரணமேடையில் பிறப்பதில்லை. தீராத நோயாளிகளின் நடுவில் கழித்த ஏழு ஆண்டுகளும், களஞ்சியங்களில் கழித்த இரவுகளும் அந்தப் படிகளுக்கு அவரை ஆயத்தப்படுத்தின. நாள்தோறும் சொல்லி வழக்கமாகிப்போன வசனமே கடைசி நாளில் அவருக்கு உயிருள்ள வார்த்தையாயிற்று. வழிபாட்டு ஒழுங்கைப் பழக்கத்தினால் சொல்லும் நமக்கு இது எச்சரிப்பும் ஆறுதலுமாகும். இன்று உதட்டளவில் நிற்கும் சொற்கள், உண்மையோடு காக்கப்பட்டால், ஒருநாள் நம்மைத் தாங்கும்.

மூன்றாவது, இரத்தசாட்சியின் நினைவு பழிவாங்கும் ஆயுதமாகலாகாது. பினோ மரித்த நாள் புரட்சி நாட்காட்டியின்படி இரண்டாம் ஆண்டு வாந்தோஸ் மாதம் மூன்றாம் தேதி. சரியாக ஓராண்டு கழித்து, மூன்றாம் ஆண்டு அதே மாதம் அதே தேதியில், அதாவது 1795 பிப்ரவரி 21இல், வழிபாட்டுச் சுதந்திரத்தை அனுமதிக்கும் ஆணையை மன்றம் நிறைவேற்றியது. பல கட்டுப்பாடுகளோடேயே ஆயினும், மறைந்திருந்த கத்தோலிக்கக் குருக்கள் வெளியே வருவதற்கு அது வழிதிறந்தது. அந்த ஆணையை மன்றத்தில் முன்மொழிந்து பேசியவர் புவாசி தாங்கிளா. அவர் புராட்டஸ்டாந்து குடும்பத்தில் பிறந்தவர். ரோஷெத்தைத் தூக்கிலிட்ட நாட்டில், ரோஷெத்தின் மக்களுள் ஒருவர் பினோவின் மக்களுக்காகக் கதவைத் திறந்தார்.

பிற சபையாரின் இரத்தசாட்சிகளை நமது வகுப்பறைகளிலும் பிரசங்க பீடங்களிலும் நினைவுகூருவோமாக. அவர்கள் எதை நம்பினார்கள் என்பதில் நாம் வேறுபடுமிடத்தை மறைக்கவேண்டுவதில்லை. யாரை நம்பினார்கள் என்பதில் நாம் ஒன்றாயிருக்கிறோம் என்பதை அறிக்கையிட்டால் போதும்.